சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை

எங்கள் தோட்டத்து லயத்தில், குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாகக் கட்டின காம்பராக்களில் இரண்டுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏறி அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளிதான். அந்த வழியாகப் புகை போகும், கருவாட்டு வாசம் போகும், புருஷன் பெண்சாதி சண்டை போகும். நான் வெங்காயம் போடுவேன்.

"அக்கா, வருது!"

அவ்வளவுதான் சொல்வேன். வெங்காயம், நெருப்புப்பெட்டி, சவர்க்காரக் கட்டி, சீனிச் சுருள் என்று எது கேட்டாலும் அந்த வழியாகத்தான் அனுப்புவேன். அந்தப் பக்கம் கீழே விழுந்த சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருநாள் அக்கா முட்டை கேட்டது. நான் யோசிக்காமல் அதையும் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மாரியாத்தா என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்து, "இன்னொண்ணு இருக்கா?" என்று குரல் வந்தது.

ஆனால் அக்கா திருப்பிப் போட்டது கிடையாது. எனக்கு ஏதாவது தர வேண்டுமென்றால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசல் வழியாகச் சுற்றி வந்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடிவிட்டுத்தான் போகும்.

"போட்டா நான் புடிக்க மாட்டேனாக்கா?"

"ஒங்கைய நான் பாத்திருக்கேன் புள்ள."

தெஹியோவிட்டைப் பக்கத்து றப்பர் தோட்டம் எங்களுடையது. அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டினோம். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. அக்காவின் பெயரை நான் எழுதவில்லை. அதற்குப் பிடிக்காது. "பேரு தெரிஞ்சா வேலை சொல்லிருவாங்க" என்று சொல்லும். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பிரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டால்கூட வாயைத் திறக்காது, கையை மட்டும்தான் தூக்கும்.

உயரம் கிடையாது. அகலம் உண்டு. குந்தினால் ஒரு உரலைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். மரத்தில் பட்டை கீழே இறங்க இறங்கக் குந்தித்தான் வெட்ட வேண்டும். நாங்கள் நாலு மரத்துக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வோம். அக்கா குந்தினபடியே அடுத்த மரத்துக்கு நகர்ந்து போகும்.

லயத்துக் கடைசியில் பெரிய பலா மரம் ஒன்று. காய் அறுக்கிற அன்றைக்கு நாலு பேர் சாக்கை விரித்துப் பிடிப்போம். ஒருதரம் என் மூலை கைநழுவிவிட்டது. காய் உருண்டு வெளியே போகிற நேரம், அக்கா சாக்கோடு சேர்த்து அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, அதோடு கூடவே தரைக்குப் போய், மெதுவாக உட்கார்ந்துவிட்டது. பிள்ளையை இறக்கி விடுவது போலத்தான் இருந்தது.

"கனமானது வந்தா எதுத்து நிக்கக்கூடாது. அதுகூடவே கொஞ்ச தூரம் போகணும். அப்புறம் அது நம்ம சொல்லு கேக்கும்" என்றது, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

அந்த நேரம் ரோட்டில் யாரோ கைதட்டினார்கள். பார்த்தால் ஜப்பான் மிஸ். தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு சொல்லிக் கொடுக்கத் தொண்டுக்கு வந்த பிள்ளை. சின்ன உருவம், பெரிய தொப்பி. தமிழ் தெரியாது. சிங்களம் அரைகுறை. எங்களுக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆகவே நாங்கள்தான் அதன் சிங்களத்தைத் திருத்துவோம். அந்தப் பிள்ளை ரோட்டிலிருந்து மேலே ஏறி வந்து, பலாக்காயைக் காட்டி, அக்காவைக் காட்டி, ஒரு வார்த்தைதான் சொன்னது.

"கெச்சர்!"

பேஸ்போல் என்கிற விளையாட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்த கதை இவ்வளவுதான். கிராமத்துப் பெண்கள் ஒரு அணி, தோட்டத்துப் பெண்கள் ஒரு அணி. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் பின்னேரம் எங்களுக்குச் சும்மாதானே. முதலில் மூன்று பேர்தான் போனோம். பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பதினோரு பேரானோம்.

நான் பந்து வீசுகிறவள். ஏன் என்னை வீசச் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பலமாக வீசுவேன், ஆனால் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. மட்டை பிடிக்கிறவள் ஐந்து மூலை வைத்த ஒரு வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பாள். மூன்று முனையையும் சுற்றி ஓடி வந்து அந்தப் பலகையை மிதித்தால் ஒரு ஓட்டம். சின்னப் பிள்ளைகள் சிலேட்டில் வரைகிற வீடு போல இருந்ததால் நாங்கள் அதை வீடு என்றே சொன்னோம். வீட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, வருகிறதை எல்லாம் பிடிக்கிற ஆள்தான் கெச்சர்.

முகத்துக்குக் கம்பிக் கூடு, நெஞ்சுக்கு மெத்தை, காலுக்குத் தகடு. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அக்கா எழுந்து நின்றபோது, காமன் கூத்துக்கு வேஷம் கட்டினது போல இருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா கம்பிக்குள்ளிருந்து, "சிரிங்கடி. நாளைக்கி கங்காணிகிட்ட போறப்ப இதத்தான் மாட்டிக்கிட்டுப் போகப் போறேன்" என்றது.

மிஸ் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். அக்கா தானாகக் கண்டுபிடித்தது அதிகம். கையுறை போட்ட இடது கையை முன்னால் காட்ட வேண்டும், வீசுகிறவளுக்கு அதுதான் குறி. வலது கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விரல் முறிந்துபோகும். "அடுப்புல சட்டிய எறக்குறப்ப எவளாச்சும் வெறுங்கைய முன்னுக்கு நீட்டுவாளா? அதேதான்" என்று எங்களுக்கு விளக்கம் சொன்னது.

அந்தப் பிள்ளை கொண்டுவந்த நல்ல பந்து மூன்றே மூன்று. ஆகவே பழகுவதற்கு நாங்கள் ஒட்டுப்பாலில் பந்து செய்தோம். பால் வடிகிற சிரட்டையிலும் பட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலை இழுத்து நூல் மாதிரிச் சுற்றினால் பந்து. அது ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். தரையில் பட்டால் எந்தப் பக்கம் எழும்பும் என்று செய்தவளுக்கே தெரியாது. நான் வீசுகிறதில் பாதி தரையில்தான் பட்டது. அக்கா அதைப் பிடிக்கவே பார்க்கவில்லை. இரண்டு முழங்காலையும் சட்டென்று தரையில் போட்டு, தாடையை நெஞ்சில் ஒட்டி, தோளை முன்னால் வளைத்து, வழியை அடைத்துக்கொண்டது. பந்து நெஞ்சில் பட்டு முன்னால் செத்து விழுந்தது.

"எல்லாத்தையும் கையில புடிக்கணும்னு இல்ல புள்ள. பின்னால போகாமப் பாத்துக்கிட்டா போதும்."

இதைச் சொன்னபோது எனக்கு வேறு ஒரு காரியம் ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், என் கத்தி ஆழமாக இறங்கி ஒரு மரத்தில் கட்டை வரைக்கும் காயம் பட்டுவிட்டது. வேலை மேற்பார்க்கிற கண்டக்கையா வந்து பார்த்து, "யாரு வெட்டுனது இது?" என்று கத்தினார். அது பெரிய குற்றம். மரம் பால் வற்றிப்போகும். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அக்கா நடுவில் வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "எங்க பக்கத்துல பட்டது ஐயா" என்றது. பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. அவர் திட்டின திட்டெல்லாம் அக்காவின் குனிந்த தலையில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் போன பிறகு நான் அழுதேன். அக்கா, "நல்லாத்தான் திட்டுறாரு, தொண்டைக்கி ஏதாச்சும் குடிச்சா தேவல" என்று சொல்லிவிட்டு, என் மரத்துக் காயத்தில் மண் அப்பிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அக்கா சொல்லும். "ஒம்பது பேருல எட்டுப் பேரும் என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. நான் ஒருத்திதான் ஒங்க எல்லாரையும் பாக்குறேன். யாரு தூங்குறா, யாரு சீலைய சரி பண்றா, எல்லாம் எனக்குத் தெரியும்." அங்கிருந்து விரலால் எனக்குச் சைகை காட்டும். ஒரு விரல் என்றால் நேராக, இரண்டு விரல் என்றால் மெதுவாக. கையை மூடிக் காட்டினால், சாமியைக் கும்பிட்டுவிட்டு எப்படியாவது போடு என்று அர்த்தம். எனக்கு அதிகம் காட்டினது மூடின கைதான்.

இனி நாங்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

மிஸ் ஊருக்குத் திரும்பிப் போகிற நாள் வந்துவிட்டது. போவதற்கு முன் இரண்டு அணிக்கும் ஒரு பெரிய ஆட்டம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி, "அன்றைக்குச் சரியா?" என்று கேட்டது. நாங்கள் கோயில் திருவிழா எப்போது என்று கணக்குப் பார்த்தோம். அதற்கு அடுத்த செவ்வாய். ஞாயிறு வேறு, செவ்வாய் வேறு. "ஹரி மிஸ், ஹரி ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிப் பதினோரு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம். அக்காவும்தான் ஆட்டியது.

தண்ணீர் பீலியில் குடம் நிரப்புகிறபோதுதான் எனக்கு உறைத்தது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே காப்புக் கட்டிவிடுவார்களே! காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வருஷம் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டுகிறது அக்கா. ஆட்டமோ எல்லைக்கு வெளியே, பள்ளிக்கூட மைதானத்தில்.

அக்காவின் நேர்த்தி சாதாரண நேர்த்தி இல்லை. அதன் வீட்டுக்காரர் குருவிட்டைப் பக்கம் மாணிக்கக்கல் குழிக்கு வேலைக்குப் போனவர். மழைக்குக் குழியின் ஒரு பக்கம் சரிந்து ஆளை மூடிவிட்டது. மண்ணைத் தோண்டி எடுக்கிற வரைக்கும் அக்கா இங்கே கோயில் வாசலில் விழுந்து கிடந்தது. ஆளை உயிரோடு கொடுத்தால் மூன்று வருஷம் விடாமல் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது. ஆத்தா கொடுத்தாள். அவர் வந்தார், ஆனால் அதற்குப் பிறகு பேச்சு குறைந்துபோய், கிணற்றுப் பக்கம்கூடப் போகமாட்டார். இரண்டு வருஷம் எடுத்தாகிவிட்டது. இது மூன்றாவது. நடுவில் காப்பு பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஒரு பக்கம். கொடுத்ததை ஆத்தா திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்கிற பயம் மறு பக்கம். அதை அக்கா வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். சுவர் கூரை வரைக்கும் இல்லையே.

"நீங்க வரவேணாம்க்கா. வேற யாரையாச்சும் நிப்பாட்டுவோம்" என்றேன்.

"ஒம் பந்த எவ புடிப்பா?"

அக்கா தன் குடத்தைப் பீலிக்குக் கீழே தள்ளி வைத்தது.

"அந்தப் புள்ள கடல் தாண்டி வந்து நமக்குச் சொல்லிக் குடுத்துச்சு. சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்கேன். ஆத்தாகிட்டயும் சரின்னிருக்கேன். ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்துட்டு ஒருத்திகிட்ட மட்டும் திருப்பி வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் பின்னேரம் அக்கா மைதானம் எங்கள் தோட்டத்தைத் தொடுகிற ஓரத்துக்குப் போய், றப்பர் மரங்களுக்குக் கீழே இருக்கிற எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு அங்கேயே குந்தியது. எழுந்து இரண்டு அடி தள்ளி மறுபடி குந்தியது. எனக்குப் புரியவில்லை.

"வீட்ட இந்தப் பக்கம் மாத்திப் போட்டா என்ன புள்ள? மைதானம் பூராவும் அங்கிட்டே இருக்கட்டும். என் வேலை வீட்டுக்குப் பின்னாலதானே? பின்னால நம்ம தோட்டம்."

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான வாத்தியார், விளையாட்டு சேர், முதலில் முணுமுணுத்தார். மட்டை பிடிக்கிறவளுக்குக் கண்ணில் வெயில் அடிக்கும் என்றார். மிஸ்ஸுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்ல நாலு பேர் சேர்ந்து கையால் சட்டி, நெருப்பு, நூல் எல்லாம் காட்டினோம். அந்தப் பிள்ளை என்ன விளங்கிக்கொண்டதோ, எழுந்து அக்காவைக் கும்பிட்டது.

பூசாரி ஐயாவிடமும் கேட்க வேண்டுமே. அவருக்குப் பகலில் றப்பர் ஷீட் அடிக்கிற மிஷினில் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கால் எல்லையத் தாண்டக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றார்.

"காப்புக் கட்டுன கையிலதானே சாமி அந்தத் தோல் உறை மாட்டணும்? தோல் படலாமா?" என்று அக்கா கேட்டது. பெண்களுக்கு இடது கையில் காப்பு. கையுறையும் இடது கைக்கு.

"மேளமும் தோலுதான். ஆத்தா முன்னாலதானே அடிக்கிறோம்?" என்றார் ஐயா.

திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். அக்கா மஞ்சள் துணியைக் கிழித்துக் காப்பைச் சுற்றிப் பத்திரமாக முடிந்துகொண்டது. ஒரு காலடிகூட முன்னால் வைக்க முடியாதே என்று, அந்த வாரம் முழுக்க முழங்காலில் நின்றபடியே தூரத்து முனைக்குப் பந்து எறிந்து பழகியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லைக் கல்லிலிருந்து நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு வெளிப்பக்கம் ஒட்டினாற்போல் வீட்டுப் பலகை. உள்பக்கம் அக்கா. அக்காவுக்குப் பின்னால் விளையாட்டு சேர், அம்பயராக. கல்லுக்குப் பக்கத்தில் பூசாரி ஐயா, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, அக்காவின் காலையே பார்த்தபடி. சேர் பந்துக்கு அம்பயர், ஐயா காலுக்கு அம்பயர். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு றப்பர் மரத்தில் சாய்ந்து, தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் நன்றாகவே போனது. இரண்டாவது முனைக்குக் களவாக ஓடப் பார்த்த ஒரு பிள்ளையை அக்கா முழங்காலில் நின்றபடியே எறிந்து அவுட் ஆக்கியது. கிராமத்துப் பக்கத்தில் இருந்தவர்களே கைதட்டினார்கள். நான் வழக்கம் போலத்தான். தரையில் குத்தினது, தலைக்கு மேல் போனது, ஒன்று சேரின் முழங்காலுக்கே போனது. முக்கால்வாசியை அக்கா நெஞ்சில் வாங்கிக்கொண்டது. நாங்கள் ஐந்து ஓட்டம், அவர்கள் மூன்று.

அவர்கள் மட்டை பிடித்த ஐந்தாம் முறையில் ஒரு பந்து மட்டையின் மேல் விளிம்பில் பட்டு நேரே வானத்துக்கு எழும்பியது. அக்கா கம்பிக் கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பந்து எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் அதை வேறு பக்கம் வீசியது. முதலிலேயே வீசினால் அதிலேயே கால் இடறும், அதற்காக. நானும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தேன். அது அக்காவுடையது என்று எல்லோருக்கும் தெரியும். காற்று அதைக் கொஞ்சம் மைதானத்துப் பக்கம் தள்ளியது. அக்கா இரண்டு எட்டு வைத்தது. கோட்டில் பெருவிரல் முட்டியது. நின்றது.

பந்து வீட்டுக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது. மூன்றாம் முனையில் இருந்தவள் ஓடி வந்து வீட்டை மிதித்தாள். ஐந்துக்கு நாலு.

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பொருள் கீழே விழுந்த சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அக்கா கையசைத்து என்னைக் கோட்டுப் பக்கம் கூப்பிட்டது. முகம் வியர்த்திருந்தது.

"ஏ புள்ள, கோட்டுக்கு முன்னால விழுறது இனிமே ஒன்னோடது. நீதான் ஓடி வரணும்."

"நானாக்கா?"

"நீதான். வேற யாரு இருக்கா?"

கிராமத்து அணியின் கேப்டன் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருக்கிற பெண். கடைக்காரிக்குக் கண் சும்மா இருக்குமா? அக்கா கோட்டில் நின்றதைப் பார்த்துவிட்டாள். "எளியட்ட என்னகோ அக்கே!" என்று சிரித்தாள். வெளியே வாங்களேன் அக்கா என்று சீண்டுகிறாள்.

அக்கா உடனே, "கெதர வெட தியனவா நங்கியே" என்றது. வீட்டில் வேலை கிடக்கிறது தங்கச்சி என்று. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசி முறை வந்தது. ஐந்துக்கு நாலுதான் இன்னும். அவர்கள் பக்கம் இரண்டு பேர் அவுட். மூன்றாம் முனையில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். மட்டை பிடிக்க வந்தது கடைக்காரி. அக்கா எனக்கு மூடின கையைக் காட்டியது. நான் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டேன்.

அவள் மட்டையைச் சுழற்றவில்லை. சும்மா நீட்டி, பந்தைத் தொட்டுவிட்டாள். பந்து வீட்டுக்கு முன்னால் ஒரே ஒரு எட்டுத் தூரத்தில் உருண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் அக்கா குந்தினபடியே எட்டி எடுத்துவிடும். மூன்றாம் முனைக்காரி ஓடி வருகிறாள். அக்கா பந்தைப் பார்த்தது. காலைப் பார்த்தது. பூசாரி ஐயா குடையை மடக்கிவிட்டார்.

"வாடீ!" என்றது அக்கா.

ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் இல்லை. குனிந்து அள்ளினேன். முதல் முனைக்கு எறிந்திருந்தாலும் போதும், கடைக்காரி அங்கே பாதி தூரம்கூடப் போகவில்லை என்று சேர் பிறகு சொன்னார். எனக்கு அப்போது அக்காவின் கையுறை மட்டும்தான் தெரிந்தது. எறிய வேண்டிய தூரமோ இரண்டு முழம். அதிலும் நான் கோணலாகத்தான் போட்டேன். பந்து கையுறைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகத் தரையில் குத்தியது.

அக்கா முழங்காலைக் கோட்டுக்குள் ஊன்றிக்கொண்டு, உடம்பை அப்படியே வீட்டுப் பலகையின் மேல் சாய்த்து, நீட்டிப் படுத்துவிட்டது. பந்து நெஞ்சு மெத்தையில் பட்டுச் செத்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கி எடுத்து, சறுக்கி வந்தவளின் காலில் வைத்து அழுத்தியது. ஒரே புழுதி.

"அவுட்!" என்றார் சேர்.

"கால் உள்ள!" என்றார் ஐயா.

இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன.

நாங்கள் குதித்தோம். ஜப்பான் மிஸ் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதது. கடைக்காரி வந்து அக்காவைத் தூக்கி நிறுத்தினாள். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கால் உள்ளதான் சாமி. காப்புக் கை வெளிய போயிருச்சே."

ஐயாவும் யோசித்தார். "சரி, ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

அப்படியே எல்லோரும் கோயிலுக்கு ஏறினோம். கிராமத்துப் பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஐயா குளித்துவிட்டு வந்து, இரண்டு வாழை இலைத் துண்டுகளில் ஒன்றில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் வைத்துச் சுருட்டிக் கட்டி, ஆத்தா காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் குற்றமில்லை. சிவப்பு வந்தால் எல்லாம் முதலிலிருந்து. வழக்கமாகச் சின்னப் பிள்ளைதான் எடுக்கும். ஐயா சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருக்காக நேந்ததோ அந்த ஆளே எடுக்கட்டும்" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். ஒன்றைத் தொட்டார், விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். முடிச்சு அவிழ வெகுநேரம் எடுத்தது. அக்கா பார்க்கவில்லை. தாடையை நெஞ்சில் ஒட்டி, தோளை முன்னால் வளைத்து, குனிந்து நின்றது. பந்து தரையில் குத்தி வருகிறபோது நிற்கிற அதே நிற்பு.

"வெள்ளை" என்றார் அவர். பிறகு சத்தமாக, "வெள்ளைதான் புள்ள!" என்றார். அந்த மனிதர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டது எத்தனையோ நாளைக்குப் பிறகு.

என் ஆத்தா கைவிடமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. அவர் முடிச்சை அவிழ்க்கிற வரைக்கும் நான் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா தீச்சட்டி எடுத்தது. உள்ளங்கை முழுக்க என் பந்து பட்டுக் கன்றிப்போன நீலம். அதன் மேல் மஞ்சள், அதன் மேல் வேப்பிலை, அதன் மேல் நெருப்பு. கோயிலை மூன்று சுற்று வந்தது, முகம் சுளிக்கவில்லை. கடைக்காரி ஒரு தட்டு நிறைய அரளிப் பூவோடு வந்து வரிசையில் நின்றாள்.

மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பை அவிழ்த்தார்கள். பின்னேரம் நான் அடுப்படியில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல்.

"ஏ புள்ள, சட்னிக்குத் தேங்கா இருக்கா?"

"இல்லக்கா."

அது தலைப்பைச் செருகிக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றி வரும் என்று நினைத்துக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"வருது!"

நிமிர்ந்து பார்ப்பதற்குள் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவால் அர்ச்சனைத் தேங்காய் மூடி ஒன்று பறந்து வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கமிருந்து வந்த முதல் பொருள். கை தப்பிவிட்டது. முழங்கால் தானாகத் தரைக்குப் போனது. தோளை முன்னால் வளைத்தேன். தேங்காய் மூடி நெஞ்சில் பட்டு, மடியில் உருண்டு, அங்கேயே நின்றது.

அந்தப் பக்கம் அக்கா காது கொடுத்துக் கேட்கிறது என்று தெரிந்தது.

"விழுந்த சத்தமே கேக்கலையே" என்றது அக்கா.

"விழலக்கா" என்றேன்.